விதிக்குள் ஓடும் தடங்கள்

நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் உள்ள சுவா பகுதிக்குச் செல்வோர் செம்பனைத் தோட்டங்களைக் கடந்தே செல்வர். சாலையோரம் நின்று தோட்டத்தினுள் பார்த்தால் மரங்கள் நேரான நிரையாகத் தெரியும். தலையைச் சற்றே திருப்பினால் இன்னொரு திசையிலும் அதே நேர் நிரை தெரியும். இது தற்செயலாக அமைந்தது அன்று. நிலத்தைத் திருத்தியபோதே அளவுக் கம்பியை இழுத்து, முளைக்குச்சி அடித்து, அந்த இடத்தில்தான் கன்றுகளை நட்டிருக்கிறார்கள்.

செம்பனையைப் பொதுவாக 9 மீட்டர் இடைவெளியில், முக்கோண முறையில் நடுவர். இம்முறையில் ஒரு ஹெக்டருக்கு ஏறத்தாழ 140 மரங்கள் அமையும். இடைவெளியைக் குறைத்தால் இன்னும் அதிக மரங்களை நடலாமே என்று தோன்றலாம். ஆனால், மரங்கள் நெருங்கினால் மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படரும், வெயிலுக்குப் போட்டியிட்டு மரங்கள் உயரமாக வளரும், குலைகள் குறையும். அறுத்த குலைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவர, இரண்டு நிரைகளுக்கு ஒரு பாதையும் தேவை. நீர் வடிய வாய்க்கால் தேவை. பாதை வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் சிறு பாலமும் தேவை. ஆகவே, நடுவதற்கு முன்பே அகலம், இடைவெளி, கடக்கும் இடம் ஆகிய மூன்றையும் தீர்மானித்துவிடுகிறார்கள்.

இதே மூன்று கேள்விகள் நம் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லிலும் எழுகின்றன. அங்கே மீட்டருக்குப் பதிலாக மைக்ரோமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

சில்லுக்குள் என்ன இருக்கிறது?

சில்லு என்பது சிலிக்கான் தகட்டின்மீது உருவாக்கப்படும் மின்சுற்று. மின்னோட்டத்தைத் திறந்தும் மூடியும் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்கள் அதன் அடித்தளத்தில் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் மெல்லிய உலோகக் கோடுகளைத் தடங்கள் என்கிறோம். ஒரே தளத்தில் இரண்டு தடங்கள் குறுக்கே வந்தால் முட்டிக்கொள்ளும். எனவே, தடங்களைப் பல அடுக்குகளாக அமைக்கிறார்கள். ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு மின்னோட்டம் செல்ல இணைப்புத் துளைகள் உதவுகின்றன. மேம்பாலமும் அதில் ஏறும் வழியும் போன்றது இந்த ஏற்பாடு.

1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதன் தடங்களை மனிதர்கள் கையால் வரைந்தார்கள். சிவப்பு நிற மென்தாளில் கத்தியால் வெட்டினார்கள். கண்ணால் பார்த்துச் சரிபார்த்தார்கள். இன்றைய பெரிய சில்லுகளில் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை பல நூறு கோடியைத் தாண்டிவிட்டது. இவ்வளவு தடங்களையும் கையால் வரைய இயலாது. அந்த வேலையைத் தடமிடும் மென்பொருள் செய்கிறது. எந்தப் புள்ளியை எந்தப் புள்ளியோடு இணைக்க வேண்டும் என்ற பட்டியலைக் கொடுத்தால், அது வழி தேடித் தடம் அமைத்துத் தரும்.

ஆனால், அந்த மென்பொருளுக்கு உலோகம் என்றால் என்னவென்று தெரியாது. தொழிற்சாலை எப்படி இயங்குகிறது என்பதும் தெரியாது. நாம் எழுதித் தரும் விதிகள் மட்டுமே அதற்குத் தெரியும். இவற்றை வடிவமைப்பு விதிகள் என்று அழைக்கிறோம்.

விதிகள் எங்கிருந்து வருகின்றன?

ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஓர் இயற்கைக் காரணம் இருக்கிறது. சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, அகல விதியும் இடைவெளி விதியும். சில்லின் வடிவங்களை ஒளியைக் கொண்டு அச்சிடுகிறார்கள். மாஸ்க் எனப்படும் தகட்டின் வழியே ஒளியைச் செலுத்தி, சிலிக்கான்மீது நிழலுருவம் பதிக்கிறார்கள். மிகச் சிறிய இடுக்குகளைக் கடக்கும்போது ஒளி வளைந்து பரவும். அதனால் வடிவங்களின் விளிம்புகள் மங்கும். இரண்டு தடங்கள் மிக நெருங்கியிருந்தால் அவை ஒட்டிக்கொண்டு குறுக்குச் சுற்று ஏற்படும். ஒரு தடம் மிக மெலிந்திருந்தால் இடையில் அறுந்துபோகும்.

இரண்டாவது, சூழ்ந்திருத்தல் விதி. ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனி மாஸ்க் கொண்டு அச்சிடுவதால், மேலடுக்கு கீழடுக்கோடு மிகத் துல்லியமாகப் பொருந்தாமல் இம்மியளவு நகரலாம். அப்படி நகர்ந்தாலும் இணைப்புத் துளை உலோகத்தைவிட்டு வெளியே போய்விடக் கூடாது. ஆகவே, துளையைச் சுற்றிக் குறிப்பிட்ட அளவு உலோகம் இருக்க வேண்டும் என்று விதிக்கிறார்கள்.

மூன்றாவது, அடர்த்தி விதி. ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் தகட்டைத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். ஓரிடத்தில் உலோகம் நிறைந்தும் இன்னோரிடத்தில் இல்லாமலும் இருந்தால், தேய்க்கும்போது மேடுபள்ளம் உண்டாகும். எனவே, வெற்றிடங்களில் எதனோடும் இணையாத நிரப்பு உலோகத்தை வைப்பார்கள்.

நான்காவது, ஏந்தல் விதி. உலோகத்தைச் செதுக்கும்போது பயன்படும் மின்னூட்டமுள்ள வாயுவிலிருந்து நீண்ட தடங்கள் மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும். அந்தத் தடம் ஒரு டிரான்சிஸ்டரின் வாயிலில் முடிந்தால், அங்குள்ள மிக மெல்லிய காப்புப் படலம் பழுதாகும். சில்லு வேலை செய்யத் தொடங்கும் முன்பே அதற்குக் காயம் ஏற்பட்டுவிடும்.

இவை தவிர, காலத்தோடு தொடர்புடைய விதியும் உண்டு. மெலிந்த தடத்தில் அதிக மின்னோட்டம் சென்றால், ஓடும் எலக்ட்ரான்கள் உலோக அணுக்களையே சிறிது சிறிதாகத் தள்ளிச் செல்லும். தொழிற்சாலையில் சோதனையில் தேறிய சில்லு, சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் நின்றுபோகும். அது ஒரு காரின் தடைக்கட்டுப்பாட்டிலோ மருத்துவமனைக் கருவியிலோ இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் மின்வழங்கும் தடங்களை அகலமாக அமைக்க வேண்டும் என்று விதிக்கிறார்கள்.

ஓர் உண்மையான விதி

தொழிற்சாலைகள் தங்கள் விதித்தொகுப்பை இரகசியமாகவே வைத்திருப்பது வழக்கம். 2020இல் கூகள் நிறுவனமும் அமெரிக்காவின் ஸ்கைவாட்டர் தொழிற்சாலையும் சேர்ந்து 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் விதிகளை அனைவரும் படிக்கும்படி வெளியிட்டன. அதில் முதல் உலோக அடுக்குக்கான விதி எளிமையானது. தடத்தின் அகலம் 0.14 மைக்ரோமீட்டருக்குக் குறையக் கூடாது. இரு தடங்களுக்கு இடையிலான இடைவெளியும் 0.14 மைக்ரோமீட்டருக்குக் குறையக் கூடாது.

நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். ஒரு தடமும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 0.28 மைக்ரோமீட்டர் ஆகும். அப்படியானால், ஒரு முடியின் தடிமனுக்குள் 250 தடங்களைப் பக்கம் பக்கமாக அமைக்கலாம்.

ஆயினும், விதி இத்துடன் முடியவில்லை. 3 மைக்ரோமீட்டருக்கு மேல் அகலமான உலோகப் பரப்புக்கு அருகில் 0.14 போதாது; 0.28 மைக்ரோமீட்டர் இடைவெளி வேண்டும். ஐந்தாம் உலோக அடுக்கிலோ அகலமும் இடைவெளியும் 1.6 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும். இது முதல் அடுக்கின் அளவைப்போல் பதினொரு மடங்குக்கும் அதிகம். இதிலிருந்து ஒன்று புலனாகிறது. ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் விதியை அறிந்ததாகாது. அந்த எண் எந்த அடுக்குக்கு, எந்த அகலத்துக்கு, எந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்பதும் விதியின் ஒரு பகுதியே.

மாணவர்களுக்குத் திறந்த கதவு

1970களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தடித்த விதிநூல் வைத்திருந்தது. வெளியார் ஒரு சில்லை வடிவமைப்பது அரிதாக இருந்தது. கார்வர் மீட், லின் கான்வே ஆகிய இரு அமெரிக்க அறிஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். அளவுகளை நேரடியாக மைக்ரோமீட்டரில் சொல்லாமல், லாம்டா என்ற ஓர் அலகின் மடங்குகளாகச் சொன்னார்கள். உலோகத் தடத்தின் அகலம் 3 லாம்டா, இடைவெளி 3 லாம்டா என்பதுபோல் விதிகள் சில பக்கங்களுக்குள் அடங்கின. தொழிற்சாலை மாறினால் லாம்டாவின் மதிப்பை மட்டும் மாற்றினால் போதும்.

1978இல் கான்வே, எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இம்முறையைக் கற்பித்தார். அவருடைய மாணவர்கள் வரைந்த வடிவங்கள் உண்மையான சில்லுகளாக உருப்பெற்றன. 1980இல் இருவரும் எழுதிய பாடநூல் வெளிவந்தபின் பல பல்கலைக்கழகங்கள் இப்பாடத்தைத் தொடங்கின. தெளிவாக எழுதப்பட்ட விதிகள், தொழிற்சாலையின் உள்ளே காலெடுத்து வைக்காதவரும் சில்லு வடிவமைக்கலாம் என்ற நிலையை உருவாக்கின.

இன்றைய மிக நுண்ணிய சில்லுகளுக்கு லாம்டா முறை போதுமானதாக இல்லை. இருந்தாலும், வரைபவரும் தயாரிப்பவரும் விதியின் வழியாகப் பேசிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இன்றும் நிலைத்திருக்கிறது.

எந்த விதி முந்தும்?

தடமிடும் மென்பொருளுக்கு இரண்டு இடங்களிலிருந்து விதிகள் வருகின்றன. ஒன்று, தொழிற்சாலை தரும் விதிக்கோப்பு. மற்றொன்று, வடிவமைப்பாளர் தம் சுற்றின் தேவைக்கேற்பச் சேர்க்கும் கட்டுப்பாடுகள். சில்லின் எல்லாப் பகுதிகளையும் ஒரே தாளத்தில் இயக்கும் கடிகாரச் சமிக்ஞையின் தடத்துக்கு இருமடங்கு இடைவெளி விடுவது இரண்டாம் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. அருகிலுள்ள தடங்களின் குறுக்கீடு அதைத் தொடக் கூடாது என்பதே நோக்கம்.

விதிகள் பெருகும்போது அவை ஒன்றோடொன்று மோதும். அப்போது எதைப் பின்பற்றுவது? இதைப் பள்ளி வாழ்க்கையோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். பள்ளிச் சீருடை அணிய வேண்டும் என்பது பொது விதி. விளையாட்டுப் போட்டி நாளில் அணிச் சட்டை அணியலாம் என்பது சிறப்பு விதி. அன்று சிறப்பு விதியே முந்தும். ஆனால், அவசர வழியை அடைத்து நாற்காலி போடக் கூடாது என்ற தீயணைப்புத் துறையின் விதியைத் தலைமையாசிரியராலும் தளர்த்த முடியாது.

மென்பொருளிலும் அவ்வாறே. எல்லாத் தடங்களுக்கும் பொதுவான விதி ஒன்று இருக்கும். அதற்கு மேல் அடுக்குக்கான விதி, ஒரே தன்மையுள்ள இணைப்புக் குழுவுக்கான விதி, குறிப்பிட்ட பகுதிக்கான விதி, ஒரே ஒரு தடத்துக்கான விதி என்று படிப்படியாக அமையும். பெரும்பாலும், குறிப்பாகச் சொல்லப்பட்ட விதி பொதுவான விதியை முந்தும். ஆனால், தொழிற்சாலை விதித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே எந்த விதியும் போகக் கூடாது.

ஒரு சூழலைக் கற்பனை செய்வோம். கடிகாரக் குழுவுக்கு 0.28 மைக்ரோமீட்டர் இடைவெளி என்று எழுதியிருக்கிறோம். நினைவகப் பகுதியின் வாயிலருகே தடங்கள் மிக நெருக்கமாக உள்ளன. அங்கே அவ்வளவு இடமில்லை. மென்பொருள் வழி காணாமல் நின்றுவிடுகிறது. இதற்காகக் குழுவின் விதியையே 0.14 ஆகக் குறைத்தால், சில்லு முழுவதும் கடிகாரத் தடம் பாதுகாப்பை இழக்கும். அதற்குப் பதிலாக, அந்தச் சிறு பகுதிக்கு மட்டும் 0.14 என்று பகுதி விதி எழுதலாம். தளர்வு தேவையான இடத்தோடு நின்றுவிடும். தளர்த்தியவர் யார், காரணம் என்ன, யார் ஒப்புதல் தந்தார் என்பதையும் உடன் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால், அடுத்த ஆண்டு அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு அது தவறா, தீர்மானமா என்று தெரியாது.

விதிகளை மிக இறுக்கமாக எழுதுவதும் நல்லதன்று. எல்லாத் தடங்களுக்கும் இருமடங்கு இடைவெளி கேட்டால் சில்லின் பரப்பு பெருகும், ஒரு சிலிக்கான் தகட்டிலிருந்து கிடைக்கும் சில்லுகளின் எண்ணிக்கை குறையும், விலை உயரும். 9 மீட்டர் போதுமான இடத்தில் 15 மீட்டர் இடைவெளி விட்டு நடும் தோட்டம் போலாகிவிடும்.

'மீறல் 0' என்றால் என்ன?

மென்பொருள் தடங்களை அமைத்து முடித்தபின் சரிபார்ப்பு தொடங்கும். ஒவ்வொரு வடிவத்தையும் விதிகளோடு ஒப்பிட்டு, மீறல்களின் பட்டியலைக் கணினி தரும். சில தடங்களை அழித்து வேறு வழியில் மீண்டும் அமைப்பதால் பல மீறல்கள் நீங்கும். எஞ்சியவற்றை மனிதர் ஒவ்வொன்றாகத் தீர்ப்பர். இறுதியில் 'மீறல் 0' என்று அறிக்கை வந்ததும் கோப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்புவர்.

இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. கடிகாரத் தடங்களின் பெயர் 'கடி' என்று தொடங்கும் என்று எண்ணி, அந்தப் பெயருக்கு விதி எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பின்னர், குழுவில் வேறொருவர் அத்தடங்களின் பெயரை 'துடிப்பு' என்று மாற்றிவிடுகிறார். விதி கோப்பில் அப்படியே இருக்கிறது; ஆனால், அது இப்போது எந்தத் தடத்துக்கும் பொருந்தவில்லை. கணினி சரிபார்க்கிறது. 'மீறல் 0' என்கிறது. கணினி பொய் சொல்லவில்லை. பொருந்தாத விதியை யாரும் மீற முடியாது அல்லவா? ஆனால், சில்லில் கடிகாரத் தடம் பாதுகாப்பின்றி ஓடுகிறது.

நானோமீட்டரில் எழுத வேண்டிய எண்ணை மைக்ரோமீட்டராகக் கருதுவது, தொழிற்சாலை புதிய பதிப்பு வெளியிட்டும் பழைய விதிக்கோப்பையே பயன்படுத்துவது ஆகியனவும் இத்தகைய பிழைகளே. தாளில் எழுதிய பிழையை அழிப்பானால் அழிக்கலாம். சிலிக்கானில் பதிந்த பிழையை அழிக்க முடியாது. மாஸ்க்குகளைப் புதிதாகச் செய்து, பல வாரங்களோ மாதங்களோ மீண்டும் காத்திருக்க வேண்டும்.

ஆகவே, அனுபவமுள்ள வடிவமைப்பாளர் 'மீறல் 0' என்பதைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடுவதில்லை. ஒவ்வொரு விதியும் எத்தனை தடங்களுக்குப் பொருந்தியது என்று கேட்கிறார். வேண்டுமென்றே ஒரு தவறைச் செய்து, கணினி அதைப் பிடிக்கிறதா என்றும் சோதிக்கிறார்.

ஒரே குடும்பம், இரண்டு விதித்தொகுப்புகள்

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'சக்தி' என்னும் செயலி இதற்கு நல்ல சான்று. 2018இல் சக்தி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சில்லு அமெரிக்காவில் உள்ள இன்டெல் தொழிற்சாலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவானது. அதே ஆண்டில் மற்றொரு சில்லு இந்தியாவின் சண்டிகர் நகரை அடுத்த மொகாலியிலுள்ள குறைக்கடத்தி ஆய்வுக்கூடத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவானது. செயலியின் சிந்தனை ஒரு குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும், ஒரு தொழிற்சாலைக்காக வரைந்த தடங்களை மற்றொன்றில் அப்படியே பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அதனதன் விதிகளின்படி தடங்களைப் புதிதாக அமைக்க வேண்டும்.

நம் நாடும் நாளைய வேலையும்

மலேசியாவின் சில்லுத் தொழில் 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் வேரூன்றியது. நெகிரி செம்பிலானின் செனவாங் தொழிற்பேட்டையிலும் சில்லுத் தொழிற்சாலை இயங்குகிறது. தோட்டப்புறங்களில் வளர்ந்த பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி இத்தகைய வேலைகளுக்குச் சென்றார்கள். உலகில் நடைபெறும் சில்லுப் பொதிதல், சோதித்தல் பணிகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு நம் நாட்டில் நடக்கிறது.

சில்லைப் பொதிந்து சோதிப்பது ஒரு கட்டம். அதை வடிவமைப்பது மற்றொரு கட்டம். 2024 மே மாதத்தில் அரசாங்கம் அறிவித்த தேசியக் குறைக்கடத்தி வியூகம், 60,000 பொறியாளர்களை உருவாக்க இலக்கு வகுத்துள்ளது. அதே ஆண்டு ஆகஸ்டில் சிலாங்கூர், பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா ஒன்றும் தொடங்கப்பட்டது. தடமிடும் மென்பொருளின் முன் அமர்ந்து விதி எழுதும் வேலை இனித் தொலைதூர நாட்டு வேலையாக மட்டும் இராது.

அந்த வேலைக்குக் கணிதமும் இயற்பியலும் தேவை. மொழித்திறனும் தேவை. 'அருகில் வைக்காதே' என்று எழுதினால் மென்பொருளுக்குப் புரியாது. எதை, எதற்கு அருகில், எந்த அடுக்கில், எவ்வளவு தூரத்தில் என்று ஐயமின்றி எழுதத் தெரிய வேண்டும்.

மறுமுறை சுவா வழியாகச் செல்லும்போது செம்பனை நிரைகளைச் சற்று நின்று பாருங்கள். கம்பி பிடித்து அளந்தவர்களை நமக்குத் தெரியாது. அவர்களும் இன்று குலை அறுப்பவரை அறியார். ஆனால், அவர்கள் விட்ட இடைவெளியில்தான் இன்று வெயில் இறங்குகிறது; தள்ளுவண்டியும் தடையின்றிச் செல்கிறது.